மெர்சி கல்யாணம்: முந்தின நாள் நாடகம்

ரோஸி பெரியம்மா: ஜெனி, நீ எழுதுகிற நாடகத்தில் ஐந்து பெண்களைப் பெற்ற அம்மா ஒருத்தி வருகிறாளாமே. அது நான்தான் என்று ரீகன் தங்கச்சிமடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ரீகன்: நான் சொல்லவே இல்லை அத்தை

மெர்சி: சொன்னான்

அந்தோணி மாமா: ஜெனரேட்டருக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்

ஜெனி: சத்தியமாக நீங்கள் இல்லை பெரியம்மா. 1813-இல் ஜேன் ஆஸ்டின் எழுதிய பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் கதையில் வருகிற அம்மா. பழைய கதையை இந்தக் காலத்துக்கு மாற்றுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அவருடைய எம்மா நாவல்தான் 1995-இல் க்ளூலெஸ் படம் ஆனது, பெவர்லி ஹில்ஸில் ஸ்கூல் படிக்கிற பணக்காரப் பெண்ணாக மாற்றினார்கள். இதே பிரைட் அண்ட் பிரெஜுடிஸை 2004-இல் குரிந்தர் சாதா அமிர்தசரஸுக்குக் கொண்டுபோனார், ஐஸ்வர்யா ராய் நடித்தார். நான் பாம்பனுக்குக் கொண்டுவருகிறேன்.

டெய்சி அத்தை: கண்டுகொண்டேன் கண்டுகொண்டேனும் இவர் கதைதானே

ஜெனி: ஆமாம் அத்தை, 1811 நாவல், 2000-இல் படம்

டெய்சி அத்தை: மம்மூட்டி!!

சகாயம் சித்தப்பா: அஜித்

மெர்சி: ஆரம்பித்துவிட்டார்கள்

ரோஸி பெரியம்மா: படம் இருக்கட்டும். அந்த அம்மா எப்போதும் கத்திக்கொண்டே இருப்பாளாமே.

ஜெனி: கத்துவார். பல பேர் அவரைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தக் கதையில் அப்பா கண்ணை மூடினால் வீடும் நிலமும் பெண்களுக்கு வராது, ஆண் வாரிசுக்குத்தான் என்று கட்டிப்போட்ட சொத்து, தூரத்துச் சொந்தக்காரன் ஒருவனுக்குப் போய்விடும். அப்பா புத்தக அறையில் உட்கார்ந்து கிண்டல் பேசுவார். பெண்கள் நாளைக்கு எங்கே போய் நிற்பார்கள் என்று தூக்கம் கெடுவது அம்மாவுக்குத்தான். அந்தப் பயத்தை எடுத்துவிட்டுக் காதலை மட்டும் வைத்தால் வெறும் சேலையும் பாட்டும்தான் மிஞ்சும். அதனால் என் கதை மீன்பிடி தடைக்காலத்தில் நடக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், வீட்டில் காசு இருக்காது, தாத்தா வீட்டையும் படகையும் அண்ணன் மகன் பேரில் எழுதிவிட்டார். இப்போது அந்த அம்மா கத்தினால் யாருக்காவது சிரிப்பு வருமா?

ரோஸி பெரியம்மா: நம் ஐயாவும் வீட்டைத் தம்பி பேரில்தான் எழுதினார்.

ரோஸி பெரியம்மா: பெண் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தோம்.

டெய்சி அத்தை: மதினி, அது ஏன் இப்போது

அந்தோணி மாமா: ஜெனரேட்டர் நானே சொல்லிவிடுகிறேன்

சகாயம் சித்தப்பா: சீலா மீனுக்கு நாட்டுப்படகுக்காரர்களிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். விசைப்படகு போகாதபோது விலை ஏறிவிடும்

அந்தோணி மாமா: சொல்லியாச்சு. எத்தனை கிலோ என்று அக்கா சொல்லட்டும்

மெர்சி: ஜெனி, கதாநாயகன் டார்சி எழுதுகிற கடிதத்தை வாய்ஸ் மெசேஜ் ஆக்கிவிட்டாயாமே

ஜெனி: இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்

மெர்சி: கடிதமாகவே இருக்கட்டும். கதாநாயகி முதலில் கோபத்தோடு படிப்பாள், திரும்பப் படிக்கும்போதுதான் ஒவ்வொரு வரியாகப் புரியும். வாய்ஸ் மெசேஜை யார் திரும்பக் கேட்கிறார்கள்?

ரீகன்: மாப்பிள்ளை அனுப்பியதையெல்லாம் நீ கேட்கிறாயே

மெர்சி: வாயை மூடு

ஜெனி: சரி, கடிதம்தான். நீ சொல்வது சரி.

டெய்சி அத்தை: கதாநாயகியின் தங்கச்சி ஒருத்தனோடு ஓடிப்போகிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்

ஜெனி: அதை எடுத்தால் கதையே நிற்காது அத்தை. அவர்களைத் தேடிப்பிடித்து, கடனை அடைத்து, கல்யாணம் முடித்துவைத்துவிட்டு டார்சி யாரிடமும் மூச்சு விடமாட்டான். திமிர் பிடித்தவன் என்று நினைத்தவளுக்கு அவன் மனசு தெரிவது அங்கேதான்.

ரீகன்: ஓட வேண்டாம், ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போகட்டும்

டெய்சி அத்தை: ரீகன் நீ படுக்கப் போ

சகாயம் சித்தப்பா: பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்

ஜெனி: எதற்கு சித்தப்பா

ரோஸி பெரியம்மா: அம்மா வேஷம் யார்?

ஜெனி: ஸ்டெல்லா

ரோஸி பெரியம்மா: அவளுக்குக் குரல் மேடையை விட்டுத் தாண்டாது. வீடு கைவிட்டுப் போகிற இடத்து வசனத்தை எனக்கு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

ஜெனி: இதோ அனுப்புகிறேன் பெரியம்மா. தங்கச்சி விஷயம் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண ஓலை வாசித்ததும் பேசலாம்.

அந்தோணி மாமா: அக்கா, எத்தனை கிலோ