400 ஜிபி கோப்புகள்: எக்ஸ்டர்னல் டிரைவா, ஆன்லைனா?

ஓடம்போக்கி:
வணக்கம். விண்டோஸ் கணினியில் சுமார் 400 ஜிபி இருக்கிறது. முக்கால்வாசி படமும் வீடியோவும். மீதி நிலப் பத்திரம், பட்டா, சிட்டா ஸ்கேன், எக்செல் கணக்கு. ஊர் திருவாரூர். பைபர் லைன், அப்லோடு 20 எம்பிபிஎஸ். 1 டிபி டிரைவ் வாங்குவதா, மாதச் சந்தா கட்டி ஆன்லைனில் ஏற்றுவதா?

வெண்ணாறு:
முதலில் கணக்குப் போடுங்க. 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. 400 ஜிபி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் கரண்டும் லைனும் அறாமல் இருந்தால். டிரைவில், யுஎஸ்பி 3 போர்ட்டில் (பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும்) ஒன்றேகால் மணி நேரம். பொடிப்பொடிப் படங்களாக இருந்தால் இன்னும் இழுக்கும். அதனால் மொத்தச் சுமைக்கு டிரைவ்தான். சாதா ஹார்டு டிஸ்க்கே போதும். எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வருஷக்கணக்கில் கரண்ட் காட்டாமல் பீரோவில் போட்டு வைப்பது சரிவராது.

ஃபார்மட் என்டிஎஃப்எஸ். ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டும். பிறகு கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை (விண்டோஸிலேயே இருக்கும் பேக்கப் வசதி) ஆன் செய்யுங்க. அது டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி இடங்களைத்தான் எடுக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டராகக் கிடப்பதைத் தொடாது, நீங்கதான் லைப்ரரியில் சேர்க்கணும். எல்லாம் பேக்கப் ஆகிவிட்டது என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

குடமுருட்டி:
டிரைவ் சரி, அது எங்கே இருக்கும்? எந்நேரமும் செருகியே கிடந்தால் இடி இறங்கினாலும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலும் இரண்டும் சேர்ந்து போகும். எடுத்ததும் கழற்றி வையுங்க. கழற்றினாலும் அதே வீடுதானே. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த ஊர்ப்பக்கம் இதை விளக்க வேண்டியதில்லை. பத்திரம், பட்டா, கணக்கு எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு ஜிபிதான் வரும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்கும். ஜிமெயிலும் போட்டோஸும் அதே 15-ஐத்தான் தின்னும், பார்த்துக்கொள்ளுங்க. இப்போதைக்குச் சந்தா வேண்டாம்.

ஆனால் சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் ஆகும் ஃபோல்டரில் கணினியில் அழித்தால் ஆன்லைனிலும் அழியும்; கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள்தான் தங்கும்.

ஓடம்போக்கி:
நன்றி. பழைய 500 ஜிபி டிரைவ் ஒன்று கிடக்கிறது. செருகினால் டிக் டிக் என்று சத்தம், சற்று நேரத்தில் காணாமல் போகிறது. அதையே பயன்படுத்தலாமா?

வெண்ணாறு:
கரண்ட் பற்றாமலும் அப்படிச் செய்யும். ஹப்பையும் சிபியு முன்பக்க போர்ட்டையும் விட்டுவிட்டு, பின்பக்க போர்ட்டில் குட்டைக் கேபிளால் ஒருமுறை செருகிப் பாருங்க. அப்போதும் டிக் டிக் என்றால் ஹெட் (தட்டில் இருப்பதைப் படிக்கும் முனை) போயிருக்கும். உள்ளே வேண்டியது ஏதாவது இருந்தால் மறுபடி மறுபடி செருகாதீங்க, ஹெட் தட்டில் உரசினால் மீட்க வழியே இருக்காது. பேக்கப்புக்குப் புதுசு வாங்குங்க.