ஐயாவின் காகிதங்கள்: வருடவாரியாக அடுக்கலாமா?

காரைக்குடிப் பேத்தி:
எங்கள் ஐயா முதலில் பத்திரிகை நிருபர், பிறகு ஓர் அமைச்சரின் உதவியாளர், கடைசியில் அரசுப் போக்குவரத்துக் கழக அதிகாரி. இரண்டாங்கட்டு அறையில் மூன்று டிரங்குப் பெட்டி நிறையக் குறிப்பேடுகள், செய்தி நறுக்குகள், கடிதங்கள், பஸ் கால அட்டவணைகள். பாதிக்குமேல் தேதியே இல்லை. வருடவாரியாகப் பிரித்து நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

ஏட்டுக்கட்டு:
பிரிக்காதீர்கள். எது எதோடு கிடந்தது என்பதே பெரிய தகவல். அமைச்சருக்கு எழுதிய குறிப்போடு ஒரு செய்தி நறுக்கு இருந்தால், எதை வைத்து அதை எழுதினார் என்பது தெரிகிறது. பிரித்தால் அது போச்சு. கட்டை அவிழ்க்குமுன் போட்டோ எடுங்கள். பிறகு தாளின் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் “பெட்டி 1, கட்டு 4, தாள் 12” என்று குறியுங்கள். பேனா கூடாது, மை ஊறும்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுத்தால் தாள் கிழியும். பின்பக்கம் கால்களை நிமிர்த்திவிட்டு எடுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் அச்சிடும் நியூஸ்பிரிண்டில் உள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். இடையே அமிலமில்லாத தாள் வையுங்கள். வழவழப்பான ஃபேக்ஸ் தாள் இருந்தால் அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து மங்கிக்கொண்டே போகும். ஸ்கேனில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எழுத்துக்கு 300, போட்டோவுக்கு 600. பெட்டிகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

பழைய முத்திரை:
தேதியில்லாத தாளுக்கு லெட்டர்ஹெட்டைப் பாருங்க. “மதராஸ் அரசு” என்றிருந்தால் அச்சடித்தது 1969க்கு முன். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். “மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம்” என்றிருந்தால் 1997க்கு முன், அந்த வருடம்தான் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர் பெயர்களை நீக்கினார்கள். ஆனால் மிச்சமிருந்த பழைய தாளிலும் எழுதியிருப்பார்கள். அதனால் பென்சிலில் “சுமார்” என்றே போடுங்க. டைப் அடித்ததில் பழைய (தும்பிக்கைபோல் கொம்பு போட்ட) லை, னை இருப்பதை மட்டும் வைத்து 1978க்கு முந்தியது என்று முடிவுகட்ட வேண்டாம்: எழுத்துச் சீர்திருத்தம் 1978 என்றாலும் பழைய மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஏட்டுக்கட்டு:
இன்னொன்று. வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, வெளியிடும் உரிமை எழுதியவருடையது. அவர் இறந்த பிறகு அது அவர் வாரிசுகளுக்கு. அரசுக் கோப்பின் மூலப்பிரதி ஏதும் இருந்தால் தனியே வையுங்கள், அது குடும்பச் சொத்தல்ல. கால அட்டவணையைப் பழைய பேப்பர் என்று கழித்துவிடாதீர்கள். எந்த ஊருக்கு எந்தப் பஸ் ஏன் நின்றது என்று ஓரத்தில் அவர் கிறுக்கியிருந்தால், அது வேறெங்கும் கிடைக்காது.

கொடுப்பதென்றால் கட்டுவாரியான பட்டியலோடு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப்பாருங்கள். அதுவே நம் கோட்டையூர்க்காரர் சேர்த்ததிலிருந்து வந்ததுதான். எதை யாருக்கு, எப்போது காட்டலாம் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பெட்டியை அனுப்புங்கள்.