கம்ப்ளையன்ஸ் (சட்டவிதிகள் பின்பற்றப்படுவதைப் பார்த்துக்கொள்ளும்) பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது: கொள்கை ஆவணம் ஒன்று எழுதி வைத்தால் போதுமா?

வரவு_செலவு:
வணக்கம். இயந்திர உதிரிபாகங்கள் செய்து ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களில் நூறு பேர்கூடத் தேறாது. லஞ்சம், மோசடி இவற்றைத் தடுக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து நீளமான கேள்வித்தாள் வந்திருக்கிறது. "இணையத்தில் மாதிரி ஒன்று கிடைக்கும், பெயரை மாற்றி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடு" என்கிறார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை, இதை ஒரு காகித வேலை என்று நினைக்கிறார். ஆனால் இரண்டு நாடுகளில் நாங்கள் ஏஜென்ட் மூலம்தான் விற்கிறோம். அவர்களுக்குப் போகும் கமிஷன் வவுச்சர்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு இந்தச் சட்டமெல்லாம் உண்மையிலேயே பாயுமா? பாயும் என்றால் எங்கே தொடங்குவது?

சட்டப்பக்கம்:
அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த "மோசடியைத் தடுக்கத் தவறிய குற்றம்" பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான். 250க்கு மேல் ஊழியர்கள், 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல், 1.8 கோடி பவுண்டுக்கு மேல் சொத்து, இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். ஆனால் தங்கள் சார்பில் வேலை செய்பவர்கள் பண்ணும் மோசடிக்கும் அந்தப் பெரிய நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதால், சப்ளையர்களையும் துருவிக் கேட்கிறார்கள்.

லஞ்சத்துக்கு இந்த அளவுகோல் கிடையாது. லஞ்சத்தைத் தடுக்கத் தவறுவதைக் குற்றமாக்கும், அங்குள்ள 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சின்ன நிறுவனத்தையும் பிடிக்கும். ஸ்கான்சென் இன்டீரியர்ஸ் வழக்கைத் தேடிப் படியுங்கள். சுமார் 30 பேர் வேலை பார்த்த நிறுவனம். புதிய தலைமை நிர்வாகி வந்த பிறகு லஞ்சம் கொடுத்த விஷயம் வெளிப்பட்டு, அவர்களே அரசிடம் போய்ச் சொன்னார்கள். "நாங்கள் சின்ன அலுவலகம், லஞ்சம் தப்பு என்பது எல்லாருக்கும் தெரியும், தனி ஏற்பாடு எதற்கு" என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. 2018இல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

உள்தணிக்கை:
பல வருடங்களாக உள்தணிக்கையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: அந்தக் கமிஷன் வவுச்சர்கள். கொள்கை ஆவணத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், முதலில் அந்த வவுச்சர் கட்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

லஞ்சம் எந்தக் கணக்கிலும் லஞ்சம் என்ற பெயரில் ஏறாது. ஆலோசனைக் கட்டணம், சந்தை ஆய்வு, விளம்பரச் செலவு, கூடுதல் தள்ளுபடி என்றுதான் ஏறும். ஓஈசிடி (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) 2014இல் வெளிநாட்டு லஞ்ச வழக்குகள் 427ஐ அலசியது. நாலில் மூன்றில் நடுவில் ஒரு இடைத்தரகர் இருந்தார். ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸின் லஞ்ச விவகாரத்தில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2008இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தாக்கல் செய்த மனுவில் ஒரு விவரம் வருகிறது. பணம் கொடுக்க ஒப்புதல் தந்தவர்கள் ஒட்டுச்சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பிறகு அதை உரித்து எடுத்துவிடலாம் என்று. அத்தனை பெரிய நிறுவனத்திலும் வவுச்சர் யாரோ ஒரு கணக்கருடைய கையில்தான் இருந்திருக்கும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

ஒரு தணிக்கையில் என் கைக்கு வந்த தாளைச் சொல்கிறேன். "சந்தை ஆய்வு, மொத்தத் தொகை" என்று ஒரே வரியில் இன்வாய்ஸ். அதன் தேதி, டெண்டர் முடிவு வந்ததற்கு மறுநாள். ஆய்வறிக்கையைக் கேட்டேன். பல நாள் கழித்து நாலு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தின் மேல் ஓரத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே நின்றது. பணம் போகச் சொன்ன வங்கிக் கணக்கு, ஏஜென்ட் இருந்த நாட்டிலும் இல்லை, வேலை நடந்த நாட்டிலும் இல்லை. இதைப் பார்க்கப் பெரிய சட்ட ஞானம் வேண்டாம், தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

ஆகவே ஒவ்வொரு ஏஜென்டையும் பற்றிக் கேளுங்கள். அவரை அறிமுகப்படுத்தியது யார்? வாங்கும் இடத்து அதிகாரியா? அவருடைய நிறுவனத்தின் உண்மையான சொந்தக்காரர் யார்? என்ன வேலை செய்தார், அதற்கு என்ன தடயம்? கமிஷன் விகிதம் மற்றவர்களைவிட ஏன் அதிகம்? எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? பதில் வராத இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆபத்துப் பட்டியல் அங்கேதான் உருவாகும். மாதிரியைப் பார்த்து எழுதிய கொள்கையில் அது வராது.

பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லியின் ஷாங்காய் நிலம்-கட்டடப் பிரிவில் இருந்த ஓர் உயரதிகாரி 2012இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின்மேல் வழக்கே போடவில்லை. அவருக்கு 7 முறை பயிற்சி கொடுத்ததையும், 35 முறை நினைவூட்டியதையும், பணப்பட்டுவாடாவுக்குக் கட்டுப்பாடுகள் இருந்ததையும் அவர்களால் ஆவணத்தோடு காட்ட முடிந்தது. செய்ததைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் காட்ட முடியும்.

மூன்றாம்வரிசை:
மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். புகார் யாரிடம் போகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சான்றிதழ் பெற்ற மோசடி ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கண்டுபிடிக்கப்பட்ட மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ தகவல் சொன்னதால் வெளிவந்தவை. சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியுடைய எஸ்டோனியக் கிளை வழியாகச் சந்தேகத்துக்குரிய பணம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2013இலேயே ஹோவர்ட் வில்கின்சன் என்ற அதிகாரி உள்ளுக்குள் எழுதிக் கொடுத்தார். வங்கி அதைக் கேட்டு நடந்திருந்தால் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 200 கோடி டாலர் கட்டும் நிலை இவ்வளவு பெரிதாக வந்திருக்காது என்பது என் கருத்து. புகார்ப் பெட்டியின் சாவி விற்பனைத் தலைவரிடம் இருந்தால் அதில் ஒரு காகிதமும் விழாது.

வரவு_செலவு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை கட்டைப் பிரித்தேன். ஒரு ஏஜென்டுக்கு ஒப்பந்தமே இல்லை. கமிஷன் மற்றவரைவிட இரண்டு மடங்கு. கேட்டால் விற்பனைப் பிரிவில் "அவர் பழைய ஆள், அப்படித்தான்" என்கிறார்கள். அடுத்த வவுச்சர் இப்போது என் மேசையில் இருக்கிறது. கேள்வித்தாளுக்கும் இந்த வாரமே பதில் போயாக வேண்டும்.

உள்தணிக்கை:
இது லஞ்சம்தான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். சோம்பலால் ஒப்பந்தம் போடாமல் விட்ட இடங்களும் உண்டு. ஆனால் அந்த வவுச்சரை நிறுத்தி வையுங்கள். நிறுத்தியதற்கான காரணத்தை முதலாளிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாயால் மட்டும் சொல்லி விடாதீர்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்: ஒப்பந்தம் இல்லை, விகிதம் இவ்வளவு, வேலைக்குத் தடயம் இல்லை. ஏஜென்டை நீங்களே கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அது வக்கீல் முன்னிலையில் நடக்க வேண்டியது. பழைய மின்னஞ்சல் ஒன்றையும் யாரும் அழிக்கக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். சாதாரணக் குறையாக முடிந்திருக்கக்கூடிய விஷயம், தாளைக் கிழித்ததால் தனிக் குற்றமாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வித்தாளில் ஏஜென்ட்களைப் பற்றிய இடத்தில் உள்ளதை எழுதுங்கள். சரிபார்ப்பு நடக்கிறது, இன்ன தேதிக்குள் முடிப்போம் என்று சொல்லலாம். நான் பார்த்தவரை பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அவகாசம் தருவார்கள். "அனைவரும் சரிபார்க்கப்பட்டவர்கள்" என்று எழுதித் தரச் சொன்னால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.