‘தி கேட் அண்ட் தி கேனரி’ (1927, மௌனப்படம்): எந்தப் பிரதியில் பார்த்தீர்கள், எந்த இடம் இன்னும் உறுத்துகிறது?

இரவுக்காட்சி:
நாயகி அனபெல்லாக வரும் லாரா லா பிளான்ட் படுத்திருக்க, தலைமாட்டுச் சுவரிலிருந்து அந்தக் கை வரும் இடம். நான் முதலில் பார்த்தது பல பேய்ப்படங்களை ஒன்றாகத் திணித்த மலிவு டிவிடி. சுவர், தலையணை, முகம் எல்லாம் ஒரே வெள்ளை. கழுத்திலிருந்த வைரமாலை போகிறது, அவள் அலறுகிறாள், எதற்கென்றே தெரியவில்லை. பின்னணியில் யாரோ குஷியாகப் பியானோ தட்டிக்கொண்டிருக்கிறார். 2024-இல் பிரிட்டனின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா வரிசையில் ப்ளூரே வந்ததே, நியூயார்க் மோமா அருங்காட்சியகம் புதுப்பித்த பிரதி, அதில்தான் கையையே பார்த்தேன். நீண்ட நகம், மயிர், விரல்கள் மெதுவாக மடங்குவது! பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. கையே தெரியாத படத்துக்கு அட்டையில் ‘கிளாசிக்’ என்று கொட்டை எழுத்து. சில நிமிடங்களை வெட்டியும் இருந்தார்கள், நேரம் குறைவாகவே இருந்தது.

பூனைக்கண்:
எனக்கு டைட்டில் கார்டு, அதாவது பெயரையும் வசனத்தையும் காட்டும் எழுத்துப் பலகை. இயக்குநர் பால் லெனி ஜெர்மனியில் கலை இயக்குநராக இருந்தவர் இல்லையா, எழுத்தையும் நடிக்க வைத்திருப்பார். ஆரம்பத்தில் ஒரு கை ஒட்டடையைத் துடைக்கத் துடைக்கப் பெயர்கள் தெரியும். பயந்தவர் பேசினால் எழுத்தும் நடுங்கும். என்னிடமிருந்த விஎச்எஸ் டேப்பில் யாரோ புண்ணியவான் அத்தனையையும் எடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி நேர் எழுத்தில் புதிதாகப் போட்டிருந்தார். பாதி நகைச்சுவை அங்கேயே போச்சு.

பழையரீல்:
இரவுக்காட்சி, வெட்டியிருந்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மௌனப்படங்களுக்கு ஒரே வேகம் கிடையாது. நொடிக்கு 20 சட்டம் (பிரேம்) என்று ஓட்டினால் 90 நிமிடம் வரும் படம், 24-இல் ஓட்டினால் 75-இல் முடிந்துவிடும். ஒரு காட்சிகூடக் குறையாது. பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் வந்த டிவிடி என்றால் இன்னும் 4 சதவீதம் வேகம். ஆட்கள் பொம்மை மாதிரி துள்ளி நடந்தால் வேகம்தான் காரணம், கத்தரி இல்லை. வாங்குமுன் யார் புதுப்பித்தது, இசை யாருடையது என்று அட்டையின் பின்பக்கம் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீடும் முக்கியம்: பிரிட்டன் ப்ளூரேக்கள் பெரும்பாலும் பி, இந்தியா சி. பிளேயர் ஒத்துக்கொள்ளாவிட்டால் காசு தண்டம். அப்புறம், நீலச் சாயத்தைப் பார்த்து டிவியில் கோளாறு என்று வண்ணத்தைக் குறைக்காதீர்கள். அந்தக் காலத்தில் இரவுக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள் என்று பிலிமிலேயே சாயம் ஏற்றுவார்கள்.

சாளரம்:
கேட்டது அனுபவம், பழையரீல். கடைக்குப் போகும் வழி இல்லை. :)
எனக்கு வக்கீல் கிராஸ்பி. அடுத்த வாரிசு யார் என்று சொல்ல வந்த மனிதர். அனபெல் தலைகுனிந்து நிற்கும்போது பின்னால் பலகை திறந்து ஒரு கை அவரை இழுத்துக்கொள்கிறது. நிமிர்ந்தால் ஆளில்லை. நான் பார்த்த டிவிடியில் அந்த இடத்தில் இசை அலறியது. எரிச்சலில் ஒலியை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினேன். பேசும் படமாக இருந்தால் ‘பக்கத்தில் நிற்பவளுக்குக் காது கேட்கவில்லையா’ என்று கேட்டிருப்பேன். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இரவுக்காட்சி:
சரி, வேகம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் அனுபவம் எங்கே, பழையரீல்?

பழையரீல்:
நீண்ட நடைவழியில் வெள்ளைத் திரைச்சீலைகள் வரிசையாகப் பறக்கும் காட்சி. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, விளக்கை அணைத்துக் காட்டினேன். மகள் கேட்டாள்: ‘உயில் எழுதின கிழவர் செத்து 20 வருஷம் ஆச்சு, ஜன்னலைச் சாத்தக்கூட ஆளில்லையா? அந்த வேலைக்காரம்மா இத்தனை நாள் என்னதான் செய்தாள்?’