பையன் "நானே கேம் செய்யப் போறேன்" என்கிறான், விடலாமா?

மதுரைக்காரன்:
பையன் ஆறாம் வகுப்பு. போன வருடம் முழுக்க மைன்கிராஃப்ட், இந்த வருடம் ரோப்லாக்ஸ். கம்ப்யூட்டரை எடுத்துப் பரணில் வைத்துவிடலாம் என்று இருந்தேன், அதற்குள் "அப்பா, இனிமே விளையாட மாட்டேன், நானே கேம் செய்யப் போறேன்" என்று வந்து நிற்கிறான். கம்ப்யூட்டரைக் காப்பாற்றிக்கொள்ளப் போடும் திட்டமா, இல்லை இதில் படிக்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? கோடிங் வகுப்பு எடுக்கும் ஒருவர் போன் செய்து வருடத்துக்கு ஐம்பதாயிரம் கேட்டார், பையன் பின்னால் கம்பெனியே தொடங்குவான் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பூனை அம்மா:
முதலில் அந்த ஐம்பதாயிரத்தை பத்திரமாக வையுங்கள். பிள்ளைகள் சொந்தமாக கேம் செய்து கோடிங் பழக ஸ்கிராட்ச் என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2007ல் வெளியிட்டார்கள். காசே இல்லை, பிரவுசரில் ஓடும், கட்டளைகளை டைப் செய்யாமல் பிளாக்குகளாக ஒன்றுக்குக் கீழ் ஒன்று ஒட்டினால் போதும்.

எங்கள் வீட்டுக் கதை. மகள் ஒரு பூனையைக் குதிக்க வைக்க உட்கார்ந்தாள், மேலே போன பூனை இறங்கவே இல்லை. வேகம் என்று ஒரு மாறி (எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி) வை, குதிக்கும்போது அதில் 12 போடு, ஒவ்வொரு சுற்றிலும் பூனையை அந்த அளவு மேலே தள்ளிவிட்டு வேகத்தில் ஒன்றைக் கழி என்றேன். 12, 11, 10 என்று குறைந்து பூஜ்ஜியத்தில் உச்சி, அப்புறம் -1, -2 ஆனதும் பூனை தானாக இறங்கியது. பள்ளியில் முழுக்கள் பாடத்தில் அழுதுகொண்டே போட்ட கணக்கு, அன்றைக்கு "ஓ, மைனஸ்னா கீழே" என்று ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த நாள் 90 உயரத்தில் ஒரு பலகை வைத்தாள், பூனைக்கு எட்டவில்லை. ஏன் என்று பேப்பரில் 12லிருந்து 1 வரை கூட்டிப் பார்த்தாள், 78தான் வந்தது. 13 போட்டால் 91. ஒரே ஒரு புள்ளி மிச்சத்தில் பூனை ஏறியதற்கு அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

கணக்கு வாத்தியார்:
அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லாப் பிள்ளையும் அப்படி உட்காருவதில்லை. ஸ்கிராட்சில் அடுத்தவர் கேமைத் திறந்து ரீமிக்ஸ் செய்யலாம், அதாவது நகல் எடுத்து நம் இஷ்டப்படி மாற்றலாம். நல்ல வசதிதான், ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பூனையை எடுத்துவிட்டு நாய் படம் போட்டு "நான் செய்தது சார்" என்பார்கள். திட்ட மாட்டேன், "இதே நாயை நிலாவில் குதிக்க வை" என்பேன். எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று தேடத் தெரிந்தவன் படித்திருக்கிறான், தெரியாதவன் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

விளையாடுவதிலும் கொஞ்சம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைக்கு 64ன் மடங்கு தானாக வரும், ஒரு அடுக்கில் 64 கட்டிதானே. அந்த கேமுக்குள் நெதர் என்று ஒரு தனி உலகம், அங்கே ஒரு கட்டம் நடந்தால் வெளியே எட்டு கட்டம், அதில் விகிதம். ஆனால் அந்தப் படிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் நூறு மணி நேரம் ஆடினாலும் அதே 64தான்.

நைட் ஷிப்ட்:
யாரும் காசு பக்கத்தைப் பேசவில்லையே. என் அக்கா மகன் ஒரு கேமில், எது என்பது வேண்டாம், அக்கா கார்டில் 3,200 ரூபாய்க்குத் தொப்பியும் வாளும் வாங்கிவிட்டான். வீட்டில் பெரிய ரகளை.

வேடிக்கை அதற்கப்புறம்தான். அவனே ஸ்கிராட்சில் ஒரு கேம் செய்தபோது அதில் ஒரு கடை வைத்தான். நாணயம் சேர்த்தால் தொப்பி, அந்தத் தொப்பிக்கு எப்போதும் பத்து நாணயம் குறைகிற மாதிரி விலை, மேலே "இன்னும் 5 நிமிடம் மட்டும்" என்று ஒரு கடிகாரம். ஏன்டா என்றேன். "அப்படி வச்சாதான் விடாம ஆடுவாங்க மாமா" என்றவன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னையும் இப்படித்தான் ஏமாத்தினாங்களா" என்று கேட்டான். நாங்கள் மூன்று மாதம் திட்டிப் புரியாதது.

ரோப்லாக்ஸிலும் சொந்தமாக கேம் செய்ய ஸ்டுடியோ இருக்கிறது, அதுவும் இலவசம், ஆனால் லுவாவ் என்ற கோடிங் மொழியில் டைப் செய்ய வேண்டும், ஆறாம் வகுப்புக்குக் கொஞ்சம் கஷ்டம். எதுவானாலும் முன்பின் தெரியாதவர்களோடு சாட் செய்வதை மூடி வையுங்கள், கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கட்டும்.

மதுரைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறேன். ஸ்கிராட்ச்தான் போட்டுக் கொடுத்தேன். ஷேர் ஆட்டோவுக்குத் தப்பி ரோட்டைக் கடக்கும் கேம், மூன்று உயிர். ஆட்டோ ஒரு தடவை இடித்தாலே மூன்றும் போய்விட்டது. இரண்டு சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொண்டான், எனக்குச் சொல்லித்தரத் தெரியாது, அதுவும் நல்லதுக்குத்தான் போல. கடைசியில் அவனே கண்டுபிடித்தான்: ஆட்டோ உரசிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு சுற்றிலும் "இடித்துவிட்டது" என்று மறுபடி மறுபடி கணக்காகிறது. இடித்தவுடன் ஆளை ரோட்டோரத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டான், சரியாகிவிட்டது.

இப்போது நிஜ ஹாரன் சத்தம் வேண்டுமாம். இன்று காலை ஆறு மணிக்கு என் பைக் ஹாரனை அடித்து ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியோடு வந்து என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.