அகதிக்கு 2,470, பென்சன்காரருக்கு 1,012: இந்தக் கணக்கு எங்கயிருந்து வந்தது?

ஸ்காபரோவாசி

வணக்கம். வாட்ஸ்அப்பிலை பழைய செய்தி ஒண்டு திரும்பவும் சுத்துது. கனடாவுக்கு வாற அகதி ஒராளுக்கு அரசாங்கம் மாதம் 1,890 டொலர், அதுக்கு மேலை 580, மொத்தம் 2,470 குடுக்குதாம். ஆயுள் முழுக்க வரி கட்டின பென்சன்காரருக்கு 1,012 தானாம். முந்திச் சிரியா, பிறகு ஆப்கானிஸ்தான், இப்ப உக்ரேன். நாட்டின்ரை பேர் மட்டும் மாறுது.

எங்கடை முதியோர் சங்கத்திலை இதைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைக்கினம். சும்மா "பொய்" எண்டால் ஒருத்தரும் காது குடுக்கமாட்டினம். உண்மையிலை எவ்வளவு குடுக்கினம், எவ்வளவு காலம், ஆற்றை காசு? செலவு கூடுது எண்டு சனம் படுற கவலையிலை நியாயம் இருக்கோ? ஒன்ராறியோ கணக்கு எண்டால் நல்லது.

கணக்கப்பிள்ளை

அந்தத் தொகைக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2004இல் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றில் ஆரம்பித்தது. வந்து இறங்கியதும் வீடு அமைக்க ஒரேயொரு தடவை கொடுக்கும் தொகையைக் கடிதம் எழுதியவர் மாதாந்தக் கொடுப்பனவு என்று எடுத்துக்கொண்டார். அதை மறுத்து மத்திய அரசு தன் இணையத்தளத்திலேயே விளக்கம் போட்டது. கடிதம் நிற்கவில்லை, தொகையைக்கூட மாற்றாமல் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனது.

கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, "எந்த அகதி?" என்று. அரசாங்கமே வெளிநாட்டில் தெரிவு செய்து கூட்டிவருபவர் ஒரு வகை. தேவாலயமோ ஐந்து பேர் கொண்ட குழுவோ ஸ்பொன்சர் செய்பவர் இன்னொரு வகை. இங்கே வந்து இறங்கியபின் தஞ்சம் கோருபவர் மூன்றாவது. மூவருக்கும் காசு வரும் வழி வேறு. உக்ரேனியரில் பெரும்பாலானோர் இதில் எதிலும் இல்லை. 2022இல் திறந்த அவசர விசாவில் தற்காலிகமாக வந்தவர்கள்; அவர்களுக்குக் கிடைத்தது வளர்ந்தவருக்கு 3,000, பிள்ளைக்கு 1,500 டொலர், ஒரே தடவை.

மாதாமாதம் மத்திய அரசின் காசு பெறுபவர் முதல் வகையினர். அதுவும் பொதுவாக அதிகபட்சம் ஒரு வருடம். அதற்குள் சொந்தக் காலில் நின்றுவிட்டால் அன்றோடு சரி. தொகை அந்தந்த மாகாணத்தின் வெல்ஃபெயார் (வருமானம் இல்லாதவருக்கான உதவிப்பணம்) அளவை ஒட்டியது. ஒன்ராறியோவில் தனி ஆளுக்கு அடிப்படைத் தேவைக்கு 343, வாடகைக்கு 390, ஆக 733 டொலர். பஸ் காசு போன்ற சில படிகள் இதற்கு மேல் வரும். 733 என்ற தொகை 2018க்குப் பிறகு அசையவில்லை. ரொறன்ரோவில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட் என்ன வாடகை என்று சபையில் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

முதியவர் பக்கம்: 2025 முதல் காலாண்டில் 65 முதல் 74 வயது வரையானவருக்கு முழு ஓ.ஏ.எஸ். (முதியோர் ஓய்வூதியம்) 727.67. வேறு வருமானம் இல்லாமல் தனியே இருப்பவருக்கு ஜி.ஐ.எஸ். (வருமானம் குறைந்த முதியவருக்கான மேலதிகத் தொகை) 1,086.88 வரை. கூட்டினால் 1,814.55. தனி ஆளுக்குத் தனி ஆள் என்று வைத்தால் முதியவருக்குத்தான் இரண்டு மடங்குக்கும் மேல்.

வடலி

கணக்கப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் சபையில் யாராவது எழும்பி "எனக்குத் தெரிந்த அகதிக் குடும்பத்துக்கு 2,500 வருகுது, வங்கிச் சிட்டையைப் பார்த்தனான்" என்று சொன்னால் அதுவும் பொய்யாக இருக்காது. அதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

தாய், தகப்பன், 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒன்ராறியோ வெல்ஃபெயார் அளவில் நால்வருக்கும் அடிப்படைத் தேவைக்கு 494, வாடகைக்கு 756, மொத்தம் 1,250. இதோடு கனடா சிறுவர் கொடுப்பனவு: 2025 ஜூலை தொடக்கம் 6 வயதுக்குக் கீழ் வருடத்துக்கு 7,997 வரை, 6 முதல் 17 வரை 6,748 வரை. மாதக் கணக்கில் 666உம் 562உம். ஆக 1,250 + 1,228 = 2,478 டொலர். ஒன்ராறியோவின் சிறுவர் கொடுப்பனவு இன்னும் தனி. வட்சப் தொகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள், ஆனால் அது நாலு பேரின் காசு. அதில் பாதி அகதி என்பதற்காக வந்ததும் இல்லை. அதே வருமானத்தில் மார்க்கம் நகரில் இருக்கும் எந்தக் கனடியக் குடும்பத்துக்கும் அதே 1,228 வரும். தஞ்சம் கோரிவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பவருக்கு அந்தச் சிறுவர் காசும் கிடையாது.

இனி, எங்கடை முதியவர்களின் உண்மையான மனக்குறை. மகனோ மகளோ ஸ்பொன்சர் செய்து 68 வயதில் வந்த அம்மாவுக்கு முதல் 10 வருடம் ஓ.ஏ.எஸ். ஒரு சதமும் இல்லை. 10 வருடம் முடிந்ததும் நாற்பதில் பத்துப் பங்கு ஓ.ஏ.எஸ். வரும், ஜி.ஐ.எஸ். கூடுதலாக வந்து குறையை நிரப்பும். பிள்ளை கையெழுத்துப் போட்ட பொறுப்போ 20 வருடத்துக்கு. இடையில் அம்மா வெல்ஃபெயார் எடுத்தால் அரசாங்கம் அந்தக் காசைப் பிள்ளையிடம் திருப்பிக் கேட்கும். அதே வயதில் அகதியாக வரும் மூதாட்டிக்கும் ஓ.ஏ.எஸ். 10 வருடத்துக்கு இல்லைத்தான். ஆனால் அவருக்கு மாகாண உதவி கிடைக்கும், அந்தக் காசை யாரிடமும் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். இந்த வித்தியாசம் உண்மை. இதை மூடி மறைத்தால் சபையில் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்பமாட்டார்கள். கோபம் நியாயம், ஆனால் அதற்குக் காரணம் பெற்றோர் ஸ்பொன்சர் சட்டமும் பத்து வருட விதியும். சிரியாக்காரர் இல்லை.

நெடுந்தெரு

எல்லாம் சரி, நீங்கள் இருவரும் செலவு குறைந்த வகையைப் பற்றித்தான் பேசுறியள். தஞ்சம் கோருறவையைத் தங்கவைக்கிற ஹோட்டல் செலவு? 2023 கோடையிலை நகரத் தங்குமிட அலுவலகம் இருக்கிற பீட்டர் வீதியிலை தஞ்சம் கோரின ஆக்கள் றோட்டோரம் படுத்ததை ரொறன்ரோ முழுக்கப் பார்த்தது. அது சொத்துவரியிலை விழுற காசு. அதைப் பற்றிக் கவலைப்பட்டால் இனவாதமோ?

கணக்கப்பிள்ளை

இல்லை, அது சரியான கேள்வி. பெரிய செலவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவு எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

2018 நவம்பரில் பாராளுமன்ற வரவுசெலவுத் திட்ட அதிகாரி ஒரு கணக்கு வெளியிட்டார். ஒழுங்கற்ற வழியாக எல்லை தாண்டித் தஞ்சம் கோரியவர் ஒருவருக்கு மத்திய அரசின் சராசரிச் செலவு 2017-18இல் 14,321 டொலர். 2019-20இல் 16,666 ஆகும் என்று மதிப்பிட்டார். இதில் மாகாணத்தின் வெல்ஃபெயார், பள்ளிக்கூடம், நகரத்தின் தங்குமிடம் சேரவில்லை. சராசரியைவிட வீச்சைப் பாருங்கள்: முதல் விசாரணையிலேயே ஏற்றுக்கொள்ளப்படுபவருக்குச் சுமார் 10,000, மேன்முறையீடு எல்லாம் முடிந்து திருப்பி அனுப்பப்படுபவருக்குச் சுமார் 34,000. ஆள் அதே ஆள்தான். கூடியது காலமும் வழக்கும்.

2024 முடிவில் தீர்ப்புக்குக் காத்திருந்த கோரிக்கைகள் 2,70,000க்கு மேல். ஒரு கோரிக்கை ஒரு வருடம் தாமதித்தால் அந்த வருடம் முழுவதும் இடைக்கால மருத்துவக் காப்புறுதி, தேவைப்பட்டால் வெல்ஃபெயார், தங்குமிடம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வேலை அனுமதிக்கும் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும். அது இழுபட்டால் உழைக்க விருப்பம் உள்ளவரும் தங்குமிடத்தில் படுத்திருப்பார்.

பீட்டர் வீதியில் நடந்தது இன்னொரு கோளாறு, யார் கட்டுவது என்ற இழுபறி. 2023 ஜூனில் நகரம் தஞ்சக் கோரிக்கையாளரைத் தன் வழமையான தங்குமிடங்களில் எடுக்காமல் மத்திய அரசைப் பாருங்கள் என்று அனுப்பியது. ஜூலையில் மத்திய அரசு 212 மில்லியன் அறிவித்தது, அதில் ரொறன்ரோவுக்கு 97 மில்லியன். இடைக்காலத் தங்குமிட உதவி என்று ஒரு திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. 2024 பட்ஜெட்டில் மூன்று வருடத்துக்கு 1.1 பில்லியன் ஒதுக்கினார்கள். நகரம் முதலில் செலவழித்துப் பிறகு திருப்பி வாங்க வேண்டும். எவ்வளவு திரும்பும் என்று தெரியாமல் நகரம் நீண்டகால வாடகை ஒப்பந்தம் போடத் தயங்கும். கடைசி நேரத்தில் ஹோட்டல் அறை பிடிக்கும். விலை கூடிய வழி அதுதான். உங்கள் கவுன்சிலரிடமும் எம்.பி.யிடமும் கேட்க வேண்டியது இதை.

வடலி

செலவைக் குறைக்கிறோம் என்று வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் கையில் இருக்கிறது. 2012இல் அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு அகதிகளின் இடைக்கால மருத்துவக் காப்புறுதியை வெட்டியது. ஐந்து வருடத்தில் 100 மில்லியன் மிச்சம் என்றார்கள். நீரிழிவு மருந்துக்குக் காசு இல்லாதவர் கடைசியில் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குத்தானே போவார், அந்தச் சிட்டை மாகாணத்தின் தலையில். 2014 ஜனவரியில் ஒன்ராறியோ தன் காசில் ஒரு தற்காலிகத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. அதே ஜூலையில் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டு அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. 2016 ஏப்ரலில் முழுவதும் திரும்ப வந்தது. ஒட்டாவாவின் (மத்திய அரசின்) கணக்குப் புத்தகத்தில் குறைந்த செலவு குவீன்ஸ் பார்க்கின் (ஒன்ராறியோ அரசின்) புத்தகத்தில் ஏறியது, அவ்வளவுதான்.

ஸ்காபரோவாசி

பெரிய நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. விமானச்சீட்டு இலவசமோ? தனியார் ஸ்பொன்சரிலை வாறவைக்கும் வரிக்காசு போகுதோ?

கணக்கப்பிள்ளை

விமானச்சீட்டு பொதுவாகக் கடன். இங்கே வந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். 2018 பெப்ரவரிவரை அதற்கு வட்டியும் இருந்தது. 2015 நவம்பர் 4க்குப் பிறகு வந்த சிரியருக்கு மட்டும் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். கொங்கோவிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் அதே மாதம் வந்தவர் கட்டினார். அந்தப் பாரபட்சம் பற்றிய முறைப்பாடு நியாயமானது.

தனியார் ஸ்பொன்சரில் முதல் 12 மாத வாழ்க்கைச் செலவு குழுவின் பொறுப்பு. ஒருவரைக் கூப்பிடவே 16,500 டொலர் காட்ட வேண்டும். மருத்துவம், பள்ளிக்கூடம், மொழி வகுப்பு அரசின் காசு, அது எல்லாக் குடிவரவாளருக்கும் உள்ளது. அடிக்கடி பிழைக்கும் இடம் ஒன்று: அந்த 16,500ஐ வருபவரின் உறவினரிடம் இரகசியமாக வாங்கிவிட்டு, வந்தபின் கைவிடுவது. வருபவரிடம் அந்தக் காசைத் திருப்பிக் கேட்பதும் விதிக்கு மாறு. 2024 நவம்பர் இறுதியில் ஐவர் குழு, சமூக அமைப்புகளின் புதிய விண்ணப்பங்களைக் குடிவரவு அமைச்சு நிறுத்தி வைத்தது. "இப்பவே காசைக் கட்டுங்கோ, கூப்பிடுறம்" என்று யாராவது சங்கத்துக்கு வந்தால் அமைச்சின் தளத்தைப் பார்க்காமல் ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம்.

வடலி

துண்டுப்பிரசுரம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் மாதமும் வருடமும் போடுங்கள். ஓ.ஏ.எஸ்.உம் ஜி.ஐ.எஸ்.உம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபரில் மாறும். சிறுவர் கொடுப்பனவு ஜூலையில். எழுத்தின் அளவு 14க்குக் குறையாமல். சபையில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவினம்.