வெயில் மறைந்த பிறகும் டொர்னேடோ வலுப்பெறுவது எப்படி?

கேள்வி:
2021 டிசம்பர் 10 இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மேஃபீல்டு நகரைச் சிதைத்த டொர்னேடோவை, அதாவது இடிமேகத்திலிருந்து தரை வரை நீளும் சுழல்காற்றைப் பற்றிப் படித்து வருகிறேன். இடிமேகத்துக்கு வெயிலின் சூடே எரிபொருள் என்று எண்ணியிருந்தேன். குளிர்கால இரவில் ஒரே டொர்னேடோ ஏறத்தாழ 266 கி.மீ. கடந்து 57 உயிர்களைப் பறிக்கும் அளவுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதை முன்கூட்டியே கணித்தார்களா?

பதில் 1:
ஆற்றல் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்தது, ஐயா. அன்று பகலில் பக்கத்து மாநிலமான டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்தத் தேதிக்கு அது சாதனை அளவு. இருட்டிய பின்னும் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்துகொண்டே இருந்ததால், தரையோரக் காற்று குளிர்ந்து அடங்கவில்லை.

அதைவிட முக்கியமானது காற்றின் வேகம். பகலில் சூடான தரையிலிருந்து எழும் கலக்கம், தரையின் உராய்வை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் வரை கொண்டுசென்று காற்றை இழுத்துப் பிடிக்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பிடி தளர, சில நூறு மீட்டர் உயரத்தில் தென்காற்று வேகமெடுக்கிறது. இதுவே தாழ்நிலை ஜெட் காற்று. தரையில் மெல்லவும் மேலே விரைந்தும் வீசும் காற்று கிடைமட்டமாகச் சுருண்டு உருள, இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று அந்தச் சுருளை நிமிர்த்திவிடுகிறது. அப்படி நிமிர்ந்த சுழற்சியிலிருந்தே டொர்னேடோ உருவாகலாம்.

பதில் 2:
கணிப்பைப் பொறுத்தவரை, ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரிலுள்ள அமெரிக்க அரசின் புயல் கணிப்பு மையம் டொர்னேடோ அபாயத்தைப் பகலிலேயே அறிவித்திருந்தது. ஆனால் எந்த ஊர், எந்த நேரம் என்பதை ரேடார்தான் சொல்ல வேண்டும். இரவில் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். காற்றின் போக்கைக் காட்டும் டாப்ளர் ரேடார் படத்தில், ரேடாரை நோக்கி வரும் காற்றும் விலகிச் செல்லும் காற்றும் ஒட்டியபடி தெரிந்தால் அங்கே சுழற்சி இருக்கிறது. சீரான மழைத்துளிகளைப் போலன்றி ஒழுங்கற்ற வடிவிலுள்ள பொருள்கள், அதாவது கூரைத் தகடும் மரச்சிம்பும், தனிப் பொட்டாகத் தெரிந்தால் டொர்னேடோ ஏற்கெனவே தரையில் அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேஃபீல்டைத் தாக்கும் முன்பே மிக உயர்ந்த நிலை எச்சரிக்கை வெளியாகிவிட்டது.

பதில் 3:
நான் டென்னசியில் வசிக்கிறேன். 2020 மார்ச் 3 அதிகாலை இரண்டு மணியளவில் இங்குள்ள குக்வில் பகுதியில் டொர்னேடோ தாக்கி 19 பேர் இறந்தனர். இரவு டொர்னேடோக்கள் உயிரிழப்பை ஏற்படுத்தும் வாய்ப்பு, பகலில் வருவனவற்றைப் போல் சுமார் இரண்டரை மடங்கு என்று ஆய்வு கூறுகிறது. எச்சரிக்கை சரியாகவே வந்தாலும், உறங்குபவரை அது எழுப்ப வேண்டுமே! அன்றிரவு என் கைபேசி ஒலியடக்கப்பட்டுக் கூடத்தில் கிடந்தது. விடிந்த பிறகே செய்தியைப் பார்த்தேன். இப்போது, எச்சரிக்கை வந்தவுடன் தானாக அலறும் வானிலை வானொலி எங்கள் கட்டிலருகே இருக்கிறது. கண்ணாடிச் சில்லுகளின் மீது நடக்க நேரலாம் என்பதால், பிள்ளைகளின் காலணிகளையும் சன்னலில்லாத கீழ்த்தள அறையிலேயே வைத்திருக்கிறோம்.